பாதிக் குளம்

கோயம்புத்தூரிலிருந்து திரும்பிய அன்று, கையில் இருந்த பையைக் கீழே வைக்காமலே வீட்டுக்குப் பின்பக்கம் போனேன். ஊரைவிட்டுப் போய் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. மகளுக்கு இரண்டாவது பிரசவம். பேத்தியை மடியில் வைத்துக் கொஞ்சிய நேரம் போக, மற்ற நேரமெல்லாம் என் மனசு பின்பக்கம் வெட்டிக்கொண்டிருந்த குளத்திலேயே கிடந்தது.

ஈரச் சிமெண்ட் வாசனை வாசலுக்கே வந்தது. ஏழுமலை மேஸ்திரி குந்திக்கொண்டு, துருப்பிடிக்காத கைப்பிடிக் கம்பியைப் பழைய பனியனால் துடைத்துக்கொண்டிருந்தார். வாலாஜாபாத் பக்கத்து மனுஷர். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, ஏதோ கோபுரம் கட்டி முடித்தவர் மாதிரி கையை விரித்துக் காட்டினார்.

"பாருங்க சார். நூல் புடிச்ச மாதிரி வந்துக்குது."

பார்த்தேன். நூல் பிடித்த மாதிரிதான் இருந்தது. ஆனால் நான் நினைத்த குளம் இருபதடி அகலம். என் கண் எதிரே இருந்தது பத்தடி.

"மீதி எங்கப்பா?" என்று கேட்டேன்.

"இன்னா மீதி சார்?"

"குளத்துல மீதிப் பாதிப்பா!"

ஏழுமலை சட்டைப் பையிலிருந்து நான் கொடுத்த தாளை எடுத்துப் பிரித்தார். மடிப்பு மடிப்பாகச் சிமெண்ட் ஒட்டியிருந்தது. அதில் இருந்ததும் பத்தடிக் குளம்தான். வரைந்தவன் நான். கையெழுத்தும் என்னுடையது.

சற்றுத் தள்ளி வேப்பமரத்து நிழலில் என் தங்கை கஸ்தூரி நாற்காலியில் உட்கார்ந்து டம்ளரில் காபி குடித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தாள். பிறகு காபியைப் பார்த்தாள்.

பாதி வரைந்தே பிழைத்தவன்

என் கதையைப் புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பட்டுச் சேலைக்கு டிசைன் போடுவது என் தொழில். கட்டம் போட்ட தாளில் வரைவேன். ஒரு கட்டம் ஓர் இழை. இப்போது கம்ப்யூட்டர் வந்துவிட்டது. எனக்கும் அது தெரியும், அதில் வேலை வேகமாக முடிகிறது. ஆனாலும் முதலில் பென்சிலில் வரைந்து பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

இந்தத் தொழிலில் யாரும் முழுசாக வரைவதில்லை. இரண்டு அன்னம் எதிரெதிரே நிற்க வேண்டுமென்றால் ஒன்றை மட்டும் வரைவோம். நடுவில் ஒரு கோடு போட்டு, அதற்கு அப்பால் வெள்ளையாக விட்டுவிடுவோம். மறுபாதியைத் தறி திருப்பிப் போட்டுக்கொள்ளும். நான் அந்த நடுக்கோட்டைச் சிவப்பில் போடுவேன். நாற்பது வருஷத்துக்கு மேல் அப்படித்தான் போட்டிருக்கிறேன். ஒரு தறிக்காரர்கூட என்னிடம் வந்து, மீதி அன்னம் எங்கே என்று கேட்டதில்லை.

இந்தப் பழக்கம் எனக்கு வீட்டுக்குள்ளும் தொற்றிக்கொண்டது என்பது என் மனைவி மல்லிகாவின் குற்றச்சாட்டு. "பாதி பேசுவாரு, மீதிய நாமளே திருப்பிப் போட்டுக்கணும்" என்று சொந்தக்காரர்கள் நடுவில் சொல்லிச் சிரிப்பாள். எனக்குக் கோபம் வரும். காது சிவந்துவிடும். பதில் மட்டும் பாதியோடு நின்றுவிடும்.

குளத்தையும் அப்படித்தான் வரைந்திருக்கிறேன். சமச்சீரான குளம். இரண்டு பக்கமும் செடிப் படுகை, நடுவில் நீந்தும் தண்ணீர். ஒரு பக்கத்தை வரைந்தேன். நடுவில் சிவப்புக் கோடு. மீதியை வாயால் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். அதற்குள் வலி எடுத்துவிட்டதென்று மகள் வீட்டிலிருந்து போன். தாளை ஏழுமலை கையில் திணித்துவிட்டு, மல்லிகாவை இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

அந்தத் தாள் கைமாறியபோது கஸ்தூரி பக்கத்தில்தான் இருந்தாள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று நிபந்தனை

கஸ்தூரிக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. வலது கால் சூம்பிவிட்டது. இரும்புப் பட்டை வைத்த காலிப்பரை மாட்டிக்கொண்டு, ஒரு கையில் ஊன்றுகோலோடு, அவள் பள்ளிக்கூடம் போனாள், கல்லூரி போனாள், கணக்கு டீச்சர் ஆனாள். வாலாஜாபாத்தில் தனியாக வீடெடுத்து இருந்தாள். கல்யாணம் வேண்டாம் என்றாள். நாங்களும் கொஞ்ச நாள் கெஞ்சிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டோம்.

ஓய்வு பெற்ற பிறகு வேறொரு தொல்லை ஆரம்பித்தது. இத்தனை வருஷம் இரண்டு காலின் பாரத்தையும் ஒற்றையாகச் சுமந்த இடது கால் தளர ஆரம்பித்தது. டாக்டர் நிதானமாகப் பேசுகிறவர். தரையில் பயிற்சி செய்தால் இருக்கிற பலமும் போகும், தண்ணீரில் செய்தால் நிற்கும் என்றார். செய்யாவிட்டால்? "சக்கர நாற்காலிக்கு இப்பவே பழகிக்கலாம்" என்றார். அன்று கஸ்தூரி ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வரும்போது என் கையைப் பிடிக்கவில்லை. நான்தான் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

"கைய வுடுண்ணா. நான் நடப்பேன்" என்றாள்.

பக்கத்தில் ஒரு விடுதியில் நீச்சல் குளம் இருந்தது. கேட்டு அனுமதி வாங்கி அழைத்துப் போனேன். நீலமாக, கண்ணாடி மாதிரி தண்ணீர். கிட்டே போனதும் குளோரின் மருந்து நெடி மூக்கில் ஏறியது. இறங்குவதற்குச் செங்குத்தான ஏணி. அதில் அவளால் இறங்க முடியாது. விடுதியில் வேலை செய்கிற இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் அவளைத் தூக்கி உள்ளே இறக்கினார்கள். முடிந்ததும் அப்படியே தூக்கி வெளியே வைத்தார்கள். ஈரப் புடவையோடு அவள் அவர்களுக்கு நன்றி சொன்னாள். நல்ல பிள்ளைகள், மரியாதையாகத்தான் தூக்கினார்கள். ஆனால் வீடு வந்து சேரும்வரை கஸ்தூரி முந்தானையைப் பிழிந்துகொண்டே வந்தாள்.

மறுநாள் நான் குளம் வெட்டலாம் என்றேன். எங்கள் வீடு சின்ன காஞ்சிபுரத்தைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே. இரண்டு மனை சேர்த்து வாங்கியது, பின்னால் இடம் சும்மா கிடந்தது. அவள் வாலாஜாபாத் வீட்டைக் காலி செய்துவிட்டு எங்களோடு வந்துவிட வேண்டும், குளம் நான் வெட்டித் தருகிறேன் என்றேன். அவள் மூன்று விரலை நீட்டினாள்.

"நானா எறங்கணும். நானா ஏறணும். நானா சுத்தம் பண்ணணும். இந்த மூணுல ஒன்னு இல்லன்னாலும் எனக்குக் கொளமே வேணாண்ணா."

"சரிம்மா" என்றேன். சுலபமாகச் சொல்லிவிட்டேன்.

சுரைக்குடுக்கை

தண்ணீருக்கும் கஸ்தூரிக்கும் ரொம்ப நாள் உறவு. திருப்புட்குழி பக்கம் எங்கள் மாமாவுக்கு நிலம் இருந்தது. பெரிய கிணறு. கோடை விடுமுறைக்கு அங்கே போவோம். மாமா ஒரு நாள் காய்ந்த சுரைக்குடுக்கை இரண்டைக் கயிற்றில் கோத்து, ஒன்றை என் முதுகிலும் ஒன்றை அவள் முதுகிலும் கட்டினார். கஸ்தூரி காலிப்பரைக் கழற்றிக் கிணற்று மேட்டில் வைத்துவிட்டு, படியில் உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றாக இறங்கினாள். தண்ணீரைத் தொட்டதும் போய்விட்டாள்.

வேறெப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. போய்விட்டாள். தரையில் பத்தடி நடக்க அவளுக்காக எல்லோரும் காத்திருப்போம். தண்ணீரில் அவளை யாராலும் பிடிக்க முடியவில்லை. கைகள் இரண்டும் துடுப்பாகிவிட்டன.

நான் கடைசிப் படிக் கல்லைக் கட்டிக்கொண்டு நின்றேன். அடியில் ஒரே கறுப்பாகத் தெரிந்தது. நடுக்கிணற்றிலிருந்து அவள் கத்தினாள்: "கைய வுடுண்ணா! ஒன்னும் ஆவாது, வுடு!"

விடவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, அதற்குப் பிறகும் எந்தத் தண்ணீரிலும் விடவில்லை. நீந்தத் தெரியாதவன்தான் நீச்சல் குளம் வரைய உட்கார்ந்தேன் என்பது உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும்.

தாளில் குளம்

மருந்து போடாத நீச்சல் குளம் என்று ஒன்று இருக்கிறது. செல்போனில் பார்த்துப் பார்த்துக் கண் எரிச்சலே வந்துவிட்டது. விஷயம் எளிமையானது. நீந்துகிற பகுதிக்குப் பக்கத்திலேயே ஜல்லி நிரப்பிய ஆழம் குறைந்த படுகை ஒன்று வேண்டும். அதில் கோரை, கல்வாழை, அல்லி. சின்ன மோட்டார் ஒன்று தண்ணீரை இழுத்து அந்த ஜல்லிக்குள் விடும். அழுக்கை வேர்கள் எடுத்துக்கொள்ளும். தெளிந்த தண்ணீர் திரும்பி வரும். கொசுப்புழுவைத் தின்ன கப்பி மீன்கள். குளத்தை வேப்பமரத்திலிருந்து எவ்வளவு தள்ளி வைக்கிறோமோ அவ்வளவுக்கு இலை பொறுக்குகிற வேலை குறையும்.

அவளுடைய நிபந்தனைக்காக நான் யோசித்துச் செய்தவை வேறு. சுற்றுச்சுவரை நாற்காலி உயரத்துக்கு எழுப்பச் சொன்னேன். அதில் உட்கார்ந்து காலைத் தூக்கி உள்ளே போட்டுக்கொள்ளலாம். மழைக்காலத்தில் சேற்றுத் தண்ணீரும் உள்ளே வராது. படி வேண்டாம், சரிவு. சரிவிலிருந்து குளத்தின் மறுமுனை வரைக்கும் நடுக்கோட்டை ஒட்டி ஒரு கைப்பிடிக் கம்பி. ஆழம் அவள் கழுத்துக்குக் கீழே. நின்றால் தரை தட்டும்.

வரைந்து முடித்தபோது எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

மீண்டும் பின்பக்கம்

இப்போது ஏழுமலையிடம் வருகிறேன். சிவப்புக் கோட்டைத் தொட்டுக் காட்டி, "இது நடுப்பா! நடு!" என்று கத்திக்கொண்டிருந்தேன்.

"செவப்பாப் போட்டிருந்தீங்க சார். செவுருன்னு நெனச்சேன். கம்பியும் அதுங்கிட்டதான் இருந்துச்சு. செவுரு இல்லாம கம்பி எங்க நிக்கும் சார்?"

நியாயமான கேள்வி. அதனால் கோபம் அதிகமானது. காது கொதித்தது. "இடிங்க. இந்தச் சுவரை இடிச்சிட்டு அந்தப் பக்கம் வெட்டுங்க" என்றேன்.

ஏழுமலை தலையைச் சொறிந்தார். நாற்காலிப் பக்கம் பார்த்தார். "டீச்சரம்மாவக் கேட்டுத்தான் சார் செவுரு எழுப்பினேன். கொளம் ஒல்லியா கீதே, சரியான்னு கேட்டேன். சரியா இருக்குது, கட்டுப்பான்னாங்க."

நான் திரும்பினேன். கஸ்தூரி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"உனக்குத் தெரியாதா அது பாதின்னு?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா கட்டச் சொன்ன?"

"சின்ன வயசுல இருந்து ஒன் தாளத்தானே பாத்துக்கினு இருக்கேன். லீவுல ஒன் டிசைனப் பாத்து, தறியில மாட்டுற அட்டையில ஓட்டை போட்டுக் குடுத்தது யாரு? செவப்புக் கோடு நடுன்னு எனக்குத் தெரியாதா?"

ஏழுமலை மெதுவாகப் பனியனை எடுத்துக்கொண்டு, தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய்விட்டார். விவரமான மனுஷர்.

கஸ்தூரி ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சுவர்வரைக்கும் நடந்தாள். அவள் நடக்கும்போது யாரும் பேசக் கூடாது என்பது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம். வந்து சுவரில் உட்கார்ந்தாள். பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த வலைக் கம்பை எடுத்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே காலிக் குளத்துக்கு மேலே நீட்டினாள். வலை எதிர்க்கரைச் செடிப் படுகையைத் தொட்டது.

"பாத்தியா? எட்டுது. இருபதடி இருந்தா நடுவுல வுழுந்த எலைய எடுக்க யாரக் கூப்புடுவேன்?"

"நான் எடுக்க மாட்டேனா?"

"எடுப்ப. காலைல ஒரு வாட்டி எடுப்ப, சாயந்திரம் ஒரு வாட்டி எடுப்ப. நான் கேக்காமலே எடுப்ப. அதாண்ணா எனக்கு பயம்."

சுருக்கென்றது. அழுகை வருகிற மாதிரிகூட இருந்தது, கோபம் அதை மறைத்துவிட்டது. "அப்போ வரையும்போதே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொல்லியிருந்தா, அகலமா இருந்தாத்தான் அழகுன்னு நீ ஒரு மணி நேரம் பேசியிருப்ப. நானும் சரின்னு இருப்பேன். ஒனக்கு எப்பவுமே நான் சரின்னு சொல்லிடுவேன்."

உள்ளே போய்விட்டேன். இரண்டு நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை. கோயம்புத்தூரில் மகளோடு தங்கிவிட்ட மல்லிகாவுக்குப் போன் போட்டு, முழுக் கதையையும் சொல்லி முறையிட்டேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீச்சல் அடிக்கப் போறது நீங்களா, அவளா?" என்று கேட்டாள். பேத்தி அழுகிறாள் என்று போனை வைத்துவிட்டாள்.

சுவரை இடிக்கவில்லை.

பச்சைத் தண்ணீர்

கூரையிலிருந்து வந்த மழைத் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீருமாகக் குளம் நிரம்பியது. நான்கைந்து நாள் தெளிவாக இருந்தது. பிறகு பச்சையாக மாறியது. வெளிர்ப் பச்சை, அப்புறம் பாசிப்பயறு நிறம், அப்புறம் அடியே தெரியவில்லை.

போதாததற்கு எதிர்வீட்டு சரோஜம்மா வந்தார். தெலுங்கு பேசுகிற தறிக்காரக் குடும்பம், எங்களுக்கு ரொம்ப வேண்டியவர். கையில் ஒரு பொட்டலம். கோயில் குளத்தில் வெல்லம் கரைத்தால் உடம்புத் தொல்லை கரையும் என்பது இங்கே வழக்கம். கஸ்தூரியின் காலுக்காக வேண்டிக்கொண்டு, இந்தக் குளத்திலேயே கரைத்துவிடலாம் என்று வந்திருக்கிறார். நான் தடுப்பதற்கு வாயைத் திறந்தேன். கஸ்தூரி பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள்.

"கொளத்துல போட்டா பாசி இன்னும் ஏறும் அக்கா. பொங்கல் வெக்கிறேன். ஒங்க வேண்டுதல நானே சாப்புட்டுடறேன்" என்றாள்.

சரோஜம்மா யோசித்துப் பார்த்துவிட்டு, அது இன்னும் நேரடியாகப் போய்ச் சேரும் என்று ஒத்துக்கொண்டார். பொங்கலில் அவருக்கும் ஒரு கிண்ணம் போனது.

நான் பிளீச்சிங் பவுடர் வாங்கி வந்துவிட்டேன். மூட்டையைப் பார்த்த கஸ்தூரி, "செடி இன்னும் வேர் வுடலண்ணா. அதுக்குள்ள மருந்து போட்டா அதுவும் செத்துப்பூடும். கொஞ்சம் சும்மா இரு" என்றாள். சும்மா இருப்பது எனக்குத் தெரியாத வேலை. பழகினேன். தினமும் காலையில் அவள் சுவரில் உட்கார்ந்து வலையால் பாசியை வழித்து எடுப்பாள். மோட்டாரில் இருக்கும் பஞ்சைப் பிழிந்து கழுவுவாள். நான் சன்னல் வழியாகப் பார்ப்பேன், தெரியாத மாதிரி போய்விடுவேன்.

கல்வாழை முதல் பூ விட்ட சமயத்தில், ஒரு நாள் காலையில் குளத்தின் அடி தெரிந்தது. கப்பி மீன்களின் நிழல்கூடத் தரையில் தெரிந்தது.

விசில்

அவள் தனியாக இறங்குவதில் எனக்குச் சம்மதமில்லை. வயதானவள், கால் சரியில்லை, ஏதாவது ஆகிவிட்டால்? அதற்கும் வழி வைத்திருந்தாள். பள்ளிக்கூடத்து விசில் ஒன்றைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"ஊதினா வா. ஊதலன்னா வராத. கதவத் தெறந்து எட்டிப் பாத்தா அன்னிக்கே நான் வாலாஜாபாத் போய்க்கினே இருப்பேன்."

முதல் நாள் சமையலறையில் நின்றேன். காலிப்பரின் பக்கிள் கழற்றுகிற சத்தம் கேட்டது. இரும்பு சுவரில் உரசுகிற சத்தம். அப்புறம் ஒன்றுமே இல்லை. தாழ்ப்பாளில் என் கை இருந்தது. தண்ணீர் சலசலத்தது. முதலில் மெதுவாக, பிறகு ஒரே சீராக. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை நான் பார்க்கவில்லை.

அரை மணி கழித்து, ஈரத் தலையும் காய்ந்த புடவையுமாக ஊன்றுகோலோடு உள்ளே வந்தாள். "இன்னா தீஞ்ச வாசன வருது?" என்றாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. "பால்" என்றேன்.

அப்படியே மாதங்கள் போயின. டாக்டர் இடது காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, தளர்வு நின்றிருக்கிறது என்றார். இழந்தது வராது, இருப்பது இருக்கும் என்றார். எங்களுக்கு அது போதும். விசிலை ஒரு தடவைகூட அவள் ஊதவில்லை.

போன வாரம் ஊதினாள்.

ஹாலில் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தேன். நீளமான, உரத்த விசில். நாற்காலி சாய்ந்தது, ஒரு செருப்பு எங்கேயோ போனது. கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். "இன்னாம்மா ஆச்சு, இன்னாம்மா?" என்று கத்தியது மட்டும் நினைவிருக்கிறது.

கஸ்தூரி நடுத் தண்ணீரில், நைட்டியோடு, மல்லாந்து மிதந்துகொண்டிருந்தாள். விசில் வாயில் இருந்தது. அதை எடுத்தாள்.

"ஒன்னும் ஆவல. எறங்கு."

"எதுக்கு?"

"எத்தினி வருஷமா கரையிலயே நிப்ப? நின்னா தரை தட்டும், நீதான வரைஞ்ச. இந்தப் பக்கம் கம்பி, அந்தப் பக்கம் மூணடிக்குச் செடி. நடுவுல ஏழடி. ஒன்ன மாதிரி ஆளுக்கு இதுக்கு மேல தாங்காது."

போக மாட்டேன் என்றேன். வேட்டி ஈரமாகும் என்றேன். மல்லிகா பார்த்தால் சிரிப்பாள் என்றேன். அவள் மிதந்துகொண்டே இருந்தாள். தண்ணீரில் அவளுக்கு அவசரம் கிடையாது. கடைசியில் சுவரில் உட்கார்ந்தேன். அவளுக்காக நான் போட்ட உயரம் எனக்கும் சரியாக இருந்தது. காலை உள்ளே போட்டேன். சரிவில் இறங்கினேன். மார்புக்குத் தண்ணீர் வந்ததும் கம்பியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டேன். கிணற்றுப் படிக் கல்லைப் பிடித்த அதே பிடி.

அவள் பக்கத்தில் வந்தாள். ஒரு உள்ளங்கையை என் முதுகுக்குக் கீழே கொடுத்தாள். அந்தக் கையில் இவ்வளவு பலம் இருப்பது எனக்குத் தெரியாது.

"கைய வுடுண்ணா" என்றாள்.

விட்டேன்.